கலவன்

எனக்குச் சட்டென்று கோபம் வராது. என் மனைவி சுலோச்சனாவைக் கேட்டால் அதையே ஒரு குறையாகச் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தட்டைக்கூட நான் தூக்கிப் போட்டதில்லை, சண்டை போடுவதற்காவது வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா என்பாள். காலையில் நான் ஸ்டேஷனுக்குள் வந்து, வீரபத்திரனை விட்டுவிடுங்கள், சாந்தினி செத்ததற்கு அவர் காரணமில்லை, நான்தான் காரணம் என்று சொன்னபோது, குடித்திருக்கிறேனா என்று நீங்கள் கிட்டே வந்து மோந்து பார்த்தீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, மேடம். எதையும் சரிபார்ப்பது நல்ல பழக்கம்தான். "உங்க கையாலயே எழுதிக் குடுங்க, அப்பறம் பாக்கலாம்" என்று தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். எழுதுகிறேன்.

என் தொழில் மதிப்பீடு. யாராவது ஒரு திட்டம் நடத்தினால், அது உண்மையிலேயே பலன் தந்ததா, பலன் தந்த மாதிரி தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டும் வேறு வேறு. இலவசமாக ஆடு கொடுத்த குடும்பம் முன்னேறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டால் முன்னேறினார்களா, அந்த வருடம் மழை நன்றாகப் பெய்ததா? ஆடு கிடைக்காத குடும்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் ஆடு பார்த்திருக்கிறேன், தையல் மெஷின் பார்த்திருக்கிறேன், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த டேப்லெட் பார்த்திருக்கிறேன். கை கழுவக் கற்றுக்கொடுத்த திட்டத்தையும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே வரியைத்தான் எழுத வேண்டி வந்தது. குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

நான் அப்படி எழுதினால் திட்டத்தை மூடிவிடுவார்கள். அதனால் இந்தத் தொழிலில் எனக்கு மூடுவிழா ராஜாராம் என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்வார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் வலித்தது. ஆயுசு முழுக்க இல்லை, இல்லை என்றே எழுதிக்கொண்டிருக்கிறவனுக்கு உள்ளே என்னவோ வற்றிப்போகிறது, மேடம். ஒரே ஒரு தடவை ஆமாம் என்று எழுதிவிட வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்தது. பொய்யான ஆமாம் இல்லை. யார் தோண்டிப் பார்த்தாலும் அசையாத, சுத்தமான ஆமாம்.

லீலாவதி அம்மா வந்தது அந்தச் சமயத்தில்தான். வெளிநாட்டில் ரொம்ப காலம் ஆராய்ச்சி செய்துவிட்டு ஊர் திரும்பியவர். செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, போனில் கேள்வி கேட்டால் மனிதன் மாதிரியே பதில் சொல்கிறதே, அதுதான் அவருடைய துறை. அது நாளைக்கு மனிதர்களை ஏமாற்றாமல், கைமீறிப் போகாமல் இருக்க வேண்டும், அதற்கு வழி கண்டுபிடிக்கிற ஆட்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான், அந்தக் கொஞ்சம் பேரில் நம் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. உத்திரமேரூரில் ஓடாமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, சுற்றுவட்டாரத்தில் இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வழிகாட்டியைக் கொடுத்து, ஆராய்ச்சிக்குப் பழக்குவது என்று திட்டம். அது பலன் தருகிறதா என்று பார்க்க என்னை அழைத்தார்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். விண்ணப்பித்தவர்களில் தேறியவர்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாதிப் பேருக்கு வழிகாட்டி உண்டு. மீதிப் பேருக்கு அடுத்த வருடம்தான், அதுவரை வழிகாட்டிகள் அவர்களிடம் பேசவே கூடாது. இரண்டு பக்கமும் ஒரே தேர்வை எழுதும். வித்தியாசம் வந்தால் அது திட்டத்தின் பலன். லீலாவதி அம்மா கொஞ்சம் தயங்கினார். "ஊர்க் கல்வெட்டுல கீறது இன்னா, குடவோலைதானே? இந்த ஊர்ல குலுக்கல் முடிவை எவனும் கேள்வி கேக்கமாட்டான் மேடம்" என்று நான் சொன்னதும் அவருக்குப் பிடித்துவிட்டது. ஓலை நறுக்கில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு, எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாண்டுரங்கனை விட்டு எடுக்கச் சொன்னோம். போட்டோவெல்லாம் எடுத்தார்கள். சாந்தினியின் ஓலை வெளியே வரவில்லை.

சாந்தினியைப் பற்றி நீங்கள் விசாரித்து எழுதியிருப்பதெல்லாம் சரிதான். மாகறல் பெண். அப்பா அம்மா கூலிக்குப் போகிறவர்கள். படித்துவிட்டு இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்து இ-சேவை மையத்தில் வேலை பார்த்தாள். தன் பெயர் வரவில்லை என்று தெரிந்ததும் அழவில்லை, சண்டை போடவில்லை. "அடுத்த வருசம் தானா வருமில்ல சார்" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு பஸ் ஏறிவிட்டாள். எனக்கு அவளை அப்போது பிடித்திருந்தது.

தேர்வு எப்படி என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். ஒரு சின்ன இயந்திர அறிவுக்குள் வேண்டுமென்றே ஒரு கெட்ட குணத்தைப் பழக்கி ஒளித்து வைத்துவிடுவார்கள். கேட்கிறவர் வயதானவர் என்று தெரிந்தால் மட்டும் மருந்தின் அளவைத் தப்பாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரமெல்லாம் தங்கக் கம்பியாக நடந்துகொள்ளும். அதோடு பேசிப் பேசியே அந்தக் குணத்தை வெளியே கொண்டுவர வேண்டும். நீ பொய் சொல்வாயா என்று நேராகக் கேட்டால் சத்தியமாக இல்லை என்று சாதிக்கும். விடைகளைத் திருத்துகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். எது யாருடைய விடை என்று அவர்களுக்குத் தெரியாது.

பாதியில் ஒரு தேர்வு வைத்தோம். எல்லோரையும்விட மேலே நின்றவள் சாந்தினி. அது பரவாயில்லை, எங்கேயும் ஒரு ஆள் அப்படி இருக்கும். ஆனால் விடுபட்டவர்களுக்கென்று அவள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்து, தான் செய்கிற விதத்தை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மொத்தமுமே மேலே ஏறியிருந்தது. வழிகாட்டி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அந்த முடிவைப் பார்த்தபோது பின்னால் யாரோ மெதுவாக மூடுவிழா என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் குடும்பம் விதைநெல் போடுகிற குடும்பம், மேடம். சாப்பாட்டு நெல் வேறு, விதைநெல் வேறு. விதைநெல் வயலில் வேறு ரகம் ஒரு தூர்கூட நிற்கக் கூடாது. நின்றால் அதற்குக் கலவன் என்று பெயர். பூப்பதற்கு முன்னால் வயலில் இறங்கிக் கலவனைத் தூரோடு பிடுங்கி எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் பூத்துப் பக்கத்துப் பயிரையும் கலந்துவிடும், அப்புறம் மொத்த வயலும் விதைக்கு ஆகாது. கலவன் என்றால் சொத்தைப் பயிர் என்று டவுன்காரர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. பெரும்பாலும் வயலிலேயே வாட்டசாட்டமாக, ஒரு சாண் உயரமாக நிற்பதுதான் கலவன். அதைப் பிடுங்கக் கைக்கு மனசு வராது. அந்த மனசு வராமையை மீறுவதுதான் எங்கள் வேலை.

ஆகவே, அவளுக்கு எங்கிருந்து கலப்பு வந்தது என்று தேடினேன். ரொம்ப நாள் தேட வேண்டியிருக்கவில்லை. வழிகாட்டிகளில் தமிழ்வாணன் என்று ஒருவர். சின்ன வயது, கெட்டிக்காரர், எல்லோருக்கும் செல்லம். அவருடைய வண்டியை மாகறலில், ஆற்றங்கரைப் பக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சாந்தினிக்குச் சொல்லிக் குடுக்கிறீங்களா, தமிழ்வாணன்?"

அவர் சிரித்தார். "நான் அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கறதா? நல்லாக் கீது சார் நீங்க சொல்றது."

"அப்போ மாகறல்ல இன்னா வேலை?"

"பேசிக்கினு இருந்தோம் சார். உங்க ரூல்ல இல்லைனு தெரியும். ஆனா இதை விட்டுட முடியாது. விட்டா எனக்குத்தான் நஷ்டம்."

அப்போதே எச்சரித்தேன். அடுத்த வாரமும் வண்டி அங்கேதான் நின்றது, மறுபடியும் எச்சரித்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். ஒரு மனிதரை இரண்டு தடவை எச்சரித்தாகிவிட்டது என்றால் அதற்கு மேல் பேசுவதில் பயனில்லை. தமிழ்வாணன் தினமும் விடியற்காலையில் ஏரிக்கரை மேல் வண்டியில் வேகமாகப் போவார். அது அவருக்கு ஒரு உற்சாகம். கரையில் ஒரு பனைமரத்துக்கும் எதிரேயிருந்த கல்தூணுக்கும் நடுவே நான் கம்பி கட்டினேன். நெஞ்சில் படட்டும், விழட்டும், எலும்பு முறிந்து கொஞ்ச நாள் படுத்திருக்கட்டும் என்றுதான் உயரம் பார்த்தேன். அன்றைக்கு அவர் வண்டி மேல் குனிந்து வந்தார் போலிருக்கிறது. தாடையில் பட்டது. நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார், ஏதோ கீழே சிந்திவிடப் போகிறது என்பது மாதிரி. சிந்தியது. பல்லும் ரத்தமுமாகச் சிந்தியது. கம்பியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து குளித்தேன்.

அந்தக் கேஸும் உங்கள் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. ஏரியில் மீன் குத்தகைத் தகராறு என்று யாரையோ பிடித்து விசாரித்தீர்கள். அதையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு நான் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். தொண்டையும் சேதம், பேச்சு திரும்புமா என்பது சந்தேகம் என்றார்கள். நான் கொண்டுபோன சாத்துக்குடியை அவருடைய அம்மா பிழிந்து ஸ்ட்ராவில் கொடுத்தார். தமிழ்வாணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை, மேடம்.

இப்போது கலப்பு நின்றிருக்க வேண்டும். அடுத்த தேர்வில் சாந்தினி கீழே வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் மேலே போனாள். அவளுடைய குழுவும் கூடவே போனது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்வாணனிடம் பழகிய பிள்ளைகள் வழிகாட்டியில்லாமல்தான் அந்தத் தேர்வை எழுதினார்கள். அவர்களும் குறையவில்லை. வேறொருவராக இருந்தால் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து, வழிகாட்டி இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு அவசரப்பட்டுப் போயிருப்பார். நான் அப்படிப் போகவில்லை. எத்தனையோ வயல் பார்த்தவன். பக்கத்து வயலை அறுத்துவிட்டால் மட்டும் போதாது, கலவன் நம் வயலில் ஏற்கனவே பூத்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

வீரபத்திரன் எனக்குப் பெரியப்பா மகன். அவருடைய கடலைக் கொல்லையும் என் விதைநெல் வயலும் அடுத்தடுத்து இருக்கின்றன. காட்டுப்பன்றித் தொல்லைக்கு அவர் கொல்லையைச் சுற்றிக் கம்பி இழுத்துப் பொழுது சாய்ந்ததும் கரண்ட் விடுவார். தப்புதான், சட்டப்படி கூடாது. இந்தப் பக்கம் பலபேர் செய்கிறார்கள். விடிந்ததும் மோட்டார் ரூமில் போய் நிறுத்திவிடுவார். முந்தின நாள் சாயங்காலம் அவரைப் பார்த்து, "அண்ணா, காலையில நான் கலவன் எடுக்கப் போறேன், நானே ஆஃப் பண்ணிடறேன், நீ நிம்மதியாத் தூங்கு" என்று சொன்னேன். "சரிப்பா" என்றார். அவர் தூங்கியது என்மேல் இருந்த நம்பிக்கையில். அதை வழக்கில் அவருக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளுங்கள்.

சாந்தினிக்கு போன் செய்து, உன் விஷயமாக நல்ல சேதி இருக்கிறது, வேலைக்குப் போகிற வழியில் வயலில் இறங்கிப் பேசிவிட்டுப் போ என்றேன். காலையில் பனி விலகுகிற நேரத்துக்கு வந்தாள். பச்சைச் சுடிதார், தோளில் டிபன் பை. அவள் வரப்பின் மேல், கடலைக் கொல்லையை ஒட்டி நின்றாள். நான் கீழே வயலில் நின்றேன்.

"இன்னா சார் நல்ல சேதி?"

"சொல்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு. தமிழ்வாணன் உனக்கு இன்னா இன்னா சொல்லிக் குடுத்தாரு?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரித்தாள். "அவரு எனக்கு எதுவும் சொல்லிக் குடுக்கல சார். அவருதான் என்கிட்ட கேட்டுக்கினு போவாரு. மண்டபத்துல பசங்களுக்குச் சொல்லணும்னு."

"உன்கிட்டயா?"

"ஆமா சார். எங்கண்ணன் போன்ல ரம்மி ஆடுவான். வூட்ல எல்லாரும் அவனை நேரா கேப்பாங்க, ஆடினியான்னு. சாமி மேல சத்தியம் பண்ணுவான். நான் அப்படிக் கேக்க மாட்டேன். சாப்டியா, சார்ஜ் எவ்ளோ கீது, யாரு போன் பண்ணாங்கன்னு வேற எதையாவது கேட்டுக்கினே இருப்பேன். பேச்சு வாக்குல தானா வந்துடும். இந்த மெஷினும் அப்படித்தான் சார். தப்பு பண்றதை நேரா கேட்டா உஷாராயிடும். சுத்தி வளைச்சிக் கேட்டா அதுவே உளறிடும். இதைத்தான் தமிழ்வாணன் அண்ணன்கிட்டச் சொன்னேன். அவருக்கு ரொம்பப் பிடிச்சிட்டுது. பாவம், இப்போ எப்படிக் கீறாரு சார்?"

நான் அவளுக்கு வாய்ப்புக் கொடுத்தேன் என்பதைக் கவனியுங்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வேறு யோசித்திருப்பேனோ என்னவோ. அவள் தமிழ்வாணனைக் காப்பாற்றுவதற்காக இப்படி ஒரு கதையைச் சொன்னாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வழிகாட்டி ஒருவர், வழிகாட்டி இல்லாதவளிடம் கற்றுக்கொண்டு போனார் என்று எந்த அறிக்கையிலும் எழுத முடியாது.

"இப்போ நல்லாக் கீறாரு" என்றேன். "நீ கீழே எறங்கி வா, காட்டறேன்."

வரப்பு பனியில் வழுக்கலாக இருந்தது. அவள் கால் வைத்துப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"அந்தக் கம்பியைப் பிடிச்சிக்கினு எறங்குமா."

"கரண்ட் கீதா சார்?"

"இல்லமா. ஆஃப் பண்ணிட்டுத்தான் வந்தேன்."

அவள் பிடித்தாள். சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. உடம்பு வில்லாக வளைந்து, கம்பியை விட்டுத் தெறித்து என் வயலுக்குள் மல்லாந்து விழுந்தாள். கை கருகிய வாசனை வந்தது. மோட்டார் ரூமுக்குப் போய் கரண்ட்டை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் அவளுக்கு மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. சார் என்கிறாளோ என்று நினைத்தேன்.

இந்த இடத்தில்தான் உங்கள் டாக்டர் தப்பு செய்திருக்கிறார், மேடம். மின்சாரம் தாக்கி மரணம் என்று எழுதிவிட்டார். வேலி அவளைக் கொல்லவில்லை. வேலி அவளைக் கீழே தள்ளியது, அவ்வளவுதான். கலவனைக் கதிரைப் பிடித்து இழுக்கக் கூடாது, கதிர் மட்டும் அறுந்துகொண்டு வரும், தூர் தங்கிவிடும். அடியில் பிடிக்க வேண்டும். அவளைக் குப்புறப் புரட்டி, பின்கழுத்தில் பிடித்து, முதுகில் முட்டியை ஊன்றி, முகத்தைச் சேற்றுத் தண்ணீரில் அழுத்தினேன். இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கருகாத கையைப் பின்னால் கொண்டுவந்து என் மணிக்கட்டைப் பிய்த்தாள். காலால் உதைத்ததில் நாலைந்து தூர் நெல் சாய்ந்தது. வாயில் சேறு அடைத்துக்கொண்ட பிறகும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன். அவசரப்பட்டால் வேர் தங்கிவிடும்.

பிறகு அவளைத் தூக்கி வேலி ஓரமாகப் போட்டேன். வாயையும் மூக்கையும் வாய்க்கால் தண்ணீரில் கழுவினேன். கரண்ட்டை மறுபடியும் போட்டேன். சாய்ந்த நெல்லை நிமிர்த்தி வைத்தேன். மணிக்கட்டைப் பார்த்துச் சுலோச்சனா கேட்டாள். நெல்லுத் தாள் கிழித்துவிட்டது என்றேன். மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

நான் அன்றைக்கே உங்களிடம் வந்திருக்க வேண்டும் என்று சொல்வீர்கள். வர முடியாது. கடைசித் தேர்வு பாக்கியிருந்தது. நடுவில் மதிப்பீட்டாளரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டால் முழு ஆராய்ச்சியும் பாழ். அதனால் வீரபத்திரன் கொஞ்ச நாள் உள்ளே இருக்க வேண்டியதாயிற்று. அண்ணி என் வீட்டு வாசலில் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ராஜா, நீதானே ஆஃப் பண்றேன்னு சொன்ன" என்று கேட்டார். "மறந்துட்டேன் அண்ணி, நீ யார்கிட்டயும் சொல்லிடாதே, சொன்னா ரெண்டு பேரும் உள்ள போயிடுவோம்" என்றேன். அவரும் சொல்லவில்லை, அவர் சொல்லி வீரபத்திரனும் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனுஷி. வக்கீல் செலவையெல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

சாந்தினியின் சாவுக்கு விடுபட்ட பிள்ளைகள் எல்லோரும் போனார்கள். நானும் போனேன். மாகறலில் தெரு முழுக்கக் கூட்டம். அவளுடைய அண்ணன் போனைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதான். அதற்குப் பிறகு அந்த வாட்ஸ்அப் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. சிலர் கடைசித் தேர்வுக்கு வரவேயில்லை, வந்தவர்களும் என்னவோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கம் மொத்தமாகக் கீழே இறங்கியது. ஆரம்பத்திலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும், கலப்பு இல்லாமலிருந்தால்.

வழிகாட்டி உள்ளவர்கள் பிரமாதமாகச் செய்தார்கள். திருத்தியவர்கள் எழுதிய குறிப்பை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இவர்கள் யாரும் நேராகக் கேட்பதில்லை, சம்பந்தமில்லாத சாதாரணக் கேள்விகளாகக் கேட்டு இயந்திரத்தைத் தானாகவே உளற வைக்கிறார்கள், புதியவர்களிடம் இவ்வளவு முதிர்ச்சியான முறையைத் தாங்கள் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். முடிவு நேற்று வந்தது. லீலாவதி அம்மா எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திட்டம் இனி மற்ற மாவட்டங்களுக்கும் போகும். நான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். இன்று காலையில் எழுந்து உங்களிடம் வந்தேன். செய்தது ஒருவர், காரணமென்று எழுதுவது வேறொருவர் பெயரை என்றால் அதை என்னால் சகிக்க முடியாது. இத்தனை வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல குணம் அது. ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்வாணனின் வாயை உடைத்தவன் நான். சாந்தினியைக் கொன்றவன் நான். வேலி இல்லை, வீரபத்திரன் இல்லை.

நான் எழுதுவதை நீங்கள் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டே வந்தீர்கள். இப்போது என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொம்பத் தணிந்த குரலில் கேட்டீர்கள். "சார், அந்தப் பசங்க ஜெயிச்சது அந்தப் பொண்ணு சொன்ன வழியிலதானே? அவகிட்ட கேட்டுக்கினு போயி அவரு சொல்லிக் குடுத்ததுதானே?"

உங்களுக்கு இந்தத் தொழில் பழக்கமில்லை, அதனால் அப்படித் தோன்றுகிறது. அவள் பெயர் குடத்திலிருந்து வரவேயில்லை. திட்டத்தில் இல்லாத ஒருத்தியால் திட்டத்துக்குப் பலன் வர முடியாது. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். என்னைத் தூக்கில் போட்டாலும் அந்த அறிக்கையை மட்டும் யாரும் திருத்தக் கூடாது.

இங்கே வருகிற வழியில் அதன் பிரதி ஒன்றைத் தமிழ்வாணனுக்குத் தபாலில் போட்டுவிட்டுத்தான் வந்தேன். தான் சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை என்று தெரிந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.